ஒட்டுப்போட்ட கட்டளைகள்

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1980களின் பிற்பகுதியில் ஒரு தொலைபேசிப் புத்தகம் கணினிக்குள் ஏறியது. பெயரைக் கொடுத்தால் எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் எடுத்துத் தரும் எளிய சேவை. வலை வந்த பிறகு, அதே வளாகத்தில் இருந்த என்.சி.எஸ்.ஏ. ஆய்வு மையம் தன் வலைச் சர்வர் மென்பொருளை இலவசமாக வெளியிட்டபோது சில மாதிரி நிரல்களையும் கூடவே கொடுத்தது. அவற்றில் ஒன்று அந்தத் தொலைபேசிப் புத்தகத்தில் தேடுவதற்கான படிவம். பெயர் பி.எச்.எஃப். பின்னால் வந்த அப்பாச்சி சர்வரின் தொடக்கப் பதிப்புகளும் அதைச் சுமந்து வந்தன. சர்வரை நிறுவிய பலருக்கு இல்லினாயோடும் அந்தப் புத்தகத்தோடும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மாதிரி நிரல் மட்டும் அவர்கள் கணினியில் வாடகையில்லாமல் குடியிருந்தது.

1996 மார்ச்சில் செர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பு ஓர் எச்சரிக்கை விடுத்தது. பி.எச்.எஃப். செய்தது இவ்வளவுதான்: படிவத்தில் ஒருவர் தட்டிய பெயரை எடுத்து, தேடல் கட்டளையின் வாலில் ஒட்டி, முழு வரியையும், கட்டளைகளைப் படித்து ஓட்டும் யூனிக்ஸ் ஷெல்லிடம் கொடுத்து ஓட்டச் சொன்னது. அப்படி ஒட்டுவது ஆபத்து என்பது எழுதியவருக்குத் தெரியாமல் இல்லை. அரைப்புள்ளி, செங்குத்துக் கோடு, டாலர் குறி என்று ஷெல்லுக்குத் தனிப் பொருளுள்ள எழுத்துகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சாய்கோட்டை வைத்து அவற்றின் பல்லைப் பிடுங்கும் ஏற்பாடு அதில் இருந்தது. பட்டியலில் ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று: புதுவரிக் குறி. பெயருக்குப் பின் ஒரு புதுவரியைப் போட்டு, அடுத்து எதை எழுதினாலும் ஷெல் அதை இரண்டாவது கட்டளையாக எடுத்துக்கொண்டது. உலாவியின் முகவரிப் பட்டையில் ஒரு வரி தட்டினால் போதும், எங்கோ இருக்கும் சர்வர் தன் கடவுச்சொல் கோப்பை அப்படியே திரையில் கொட்டியது.

மளிகைக் கடைப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளலாம். சீட்டில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்வான். “இன்னாரின் கணக்கைப் பார்த்துச் சொல்” என்று முதலாளி சீட்டில் எழுதி, பெயருக்கு இடம் விட்டு, வாடிக்கையாளரையே நிரப்பச் சொல்கிறார். வாடிக்கையாளர் “முருகன்” என்று எழுதி, கீழ் வரியில் “கல்லாவில் உள்ளதை இவரிடம் கொடு” என்றும் எழுதிவிடுகிறார். இரண்டு வரியும் ஒரே சீட்டில், ஒரே மையில் இருக்கின்றன. பையன் கொடுத்துவிடுவான். கமாண்ட் இன்ஜெக்‌ஷன் என்று பாதுகாப்புத் துறையினர் சொல்லும் கட்டளைச் செருகல் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

இந்த நோய் கணினியை விட மூத்தது என்றுகூடச் சொல்லலாம். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான பெல், நெடுந்தொலைவு இணைப்புகளில் பேச்சு போகும் அதே கம்பியில் தன் கட்டளை ஒலிகளையும் அனுப்பியது. 2600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால் கம்பி காலியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒலிகளின் விவரங்களை நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழே 1954லும் 1960லும் கட்டுரைகளாக வெளியிட்டது. படித்துவிட்டுச் சில இளைஞர்கள் ஒலிப்பெட்டி கட்டினார்கள். சிலர் விசிலே அடித்தார்கள். வாயால் எழுப்பிய ஒலிக்கும் இயந்திரத்தின் கட்டளைக்கும் வேறுபாடு தெரியாத தொலைபேசி நிலையம் இலவசமாக இணைப்புக் கொடுத்தது. 1970களின் நடுவில் கட்டளைகளுக்குத் தனிப் பாதை போடத் தொடங்கிய பிறகே அந்த விளையாட்டு மெல்ல அடங்கியது.

அதே பெல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் யூனிக்ஸ் பிறந்தது. அங்கே ஒரு நிரல் இன்னொரு நிரலை ஓட்ட இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி 1971ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே இருந்தது: நிரலின் பெயர் தனியாக, கொடுக்கும் ஒவ்வொரு மதிப்பும் தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் நேரே போய்ச் சேரும். மதிப்புக்குள் அரைப்புள்ளி இருந்தால் என்ன, புதுவரி இருந்தால் என்ன, அது வெறும் எழுத்து. இரண்டாவது, குறுக்குவழி. முழுக் கட்டளையையும் ஒரே வரியாக எழுதி ஷெல்லிடம் கொடுத்துவிட்டால் அது பிரித்து, புரிந்து, ஓட்டிக்கொள்ளும். 1979இல் வந்த ஏழாம் பதிப்பில் இதற்கு ஒற்றைச் சொல்லில் முடியும் ஒரு செயற்கூறு இருந்தது. ஸ்டீபன் பூர்ன் எழுதிய புதிய ஷெல்லும் அந்தப் பதிப்போடுதான் வந்தது. முதல் வழிக்கு ஐந்தாறு வரி எழுத வேண்டும், இரண்டாவதற்கு ஒரு வரி. நிரல் எழுதுபவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று கேட்கவே வேண்டாம். மேசைக்கு மேசை முகம் தெரிந்த ஆய்வுக்கூடத்தில் அது பிழையும் அல்ல. கட்டளை எழுதுபவரும் அதை ஓட்டுபவரும் அங்கே ஒரே ஆள்.

அந்த ஏழாம் பதிப்புக்கு இன்னொரு பெருமையும் சேரும். ஒரு நிரலின் கண்ணுக்குக் கோப்பு மரத்தின் ஒரு கிளையை மட்டும் காட்டி, அதுதான் முழு உலகம் என்று நம்பவைக்கும் ‘சி.எச்.ரூட்’ என்ற வசதி அதில்தான் வந்தது. ஒவ்வொரு நிரலையும் தனி அறையில் அடைத்து ஓட்டும் இன்றைய கன்டெய்னர்களின் வம்சாவளி அங்கிருந்துதான் தொடங்குகிறது. சுவரும் சுவரில் ஓட்டையிடும் பழக்கமும் ஒரே பதிப்பில் கைகோத்து வெளிவந்தன என்பதை நாற்பது ஆண்டு கழித்துத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டியதாயிற்று.

1988 நவம்பர் 2ஆம் தேதி மாலை, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் ஒரு புழு நிரலை இணையத்தில் விட்டார். அது நுழைந்த வழிகளில் ஒன்று சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருள். பிழை தேடுவதற்காக அதில் இருந்த ஒரு முறையைப் பல நிறுவனங்கள் அணைக்காமலே விட்டிருந்தன. அந்த முறையில் கடிதத்தை ஓர் ஆளுக்கு அனுப்புவதற்குப் பதில் ஒரு நிரலுக்கு அனுப்பலாம். புழு, பெறுநர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டளையை வைத்தது. கடிதத்தின் தலைப்பு வரிகளைக் கிழித்துப் போட்டுவிட்டு உடலை ஷெல்லிடம் கொடு என்பது அதன் சாரம். அஞ்சல்காரர் கடிதத்தைப் படித்து அதில் உள்ளபடி நடந்தார். அன்றைய இணையத்தில் ஏறக்குறைய 60,000 கணினிகள். அவற்றில் 6,000 வரை முடங்கியதாக அப்போது மதிப்பிட்டார்கள். மாரிஸுக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் அமைப்பு உருவானது இந்தச் சம்பவத்தின் விளைவாகத்தான். எட்டாண்டு கழித்து பி.எச்.எஃப். பற்றி எச்சரித்த அதே செர்ட்.

எச்சரிக்கை வந்ததும் பி.எச்.எஃப். மறைந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. பிந்தைய அப்பாச்சி பதிப்புகளின் அமைப்புக் கோப்பில், அந்தப் பழைய ஓட்டையைத் தேடி வருபவர்களை ஒரு பதிவேட்டு முகவரிக்குத் திருப்பிவிடும் சில வரிகள் நெடுங்காலம் இருந்தன. சர்வரில் நிரலே இல்லை, கதவைத் தட்டுபவர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். 1999இல் பாதுகாப்புக் குறைகளுக்குப் பொதுவான எண் கொடுக்கும் சி.வி.இ. பட்டியல் தொடங்கியபோது பி.எச்.எஃப்.புக்கு அந்த ஆண்டின் 67ஆம் எண் கிடைத்தது.

அந்தக் காலத்தில் மாற்று யோசனை இல்லாமலும் இல்லை. 1994இல் வெளிவந்த பெர்ல் 5 மொழியில் ஒரு கண்டிப்பான முறை உண்டு. வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு மதிப்பையும் ‘தீட்டு’ப் பட்டது என்று குறித்துவைத்து, சோதிக்காமல் அதை ஷெல்லின் அருகே கொண்டுபோனால் நிரலையே நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை எழுதுபவரே முனைந்து இயக்க வேண்டும். அவசரத்தில் இருப்பவர் அதை இயக்க மாட்டார். அவசரத்தில் இருப்பவருக்குத்தான் அது தேவை.

இதற்கிடையே சுவர் வளர்ந்தது. 2000இல் யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபி.எஸ்.டி. 4.0 ‘ஜெயில்’ என்ற வசதியோடு வந்தது. 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24 கருவில் (கெர்னலில்), கூகுள் பொறியாளர்கள் தொடங்கிவைத்த வளப் பங்கீட்டு ஏற்பாடு சேர்ந்தது. 2013 மார்ச்சில் சாந்தா கிளாரா நகரில் நடந்த பைத்தான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் டாக்கர் என்ற கன்டெய்னர் கருவியை ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டு இறங்கினார். மறு ஆண்டு ஜூனில் கூகுள் குபர்னெட்டிஸை வெளியிட்டது: ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களை எந்தக் கணினியில் வைப்பது, செத்தால் எப்படி எழுப்புவது என்று பார்த்துக்கொள்ளும் மேலாளர். ஒரு நிரலுக்குத் தனி அறை, அறைக்குத் தனிப் பூட்டு என்று பாதுகாப்புப் பேச்செல்லாம் அறையின் சுவரைச் சுற்றியே நடந்தது.

மேலாளர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பற்றிய பேச்சு குறைவு. அவர் சுவருக்கு வெளியே, கணினியின் உச்ச அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அறை கட்டுவதும் கோப்புறை இணைப்பதும் வலைப்பின்னல் கொடுப்பதும் அவர் வேலை. அதற்கு அந்த அதிகாரம் வேண்டும். அவரிடம் வேலை சொல்பவரோ, யாமல் என்ற வடிவத்தில் ஒரு கோப்பை எழுதி அனுப்பும் சாதாரணப் பயனர். கோப்பில் பெயர்கள், பாதைகள், எண்கள். அவற்றை எடுத்து மேலாளர் எங்காவது ஒட்டுவாரானால் 1979 திரும்பிவிடும்.

திரும்பியது. 2019இல் டாக்கரில் ஒன்று பிடிபட்டது. நிரல்களின் மூலத்தைப் பதிப்பு வாரியாகக் காக்கும் கிட் என்ற மென்பொருளின் தொலைவிலுள்ள களஞ்சியம் ஒன்றின் முகவரியைக் கொடுத்தால் அங்கிருந்து மூலத்தை எடுத்துக் கன்டெய்னர் படிமம் கட்டிக் கொடுக்கும் வசதி அதில் உண்டு. முகவரியில் கிளையின் பெயர் வர வேண்டிய இடத்தில் இரட்டைச் சிறுகோட்டோடு தொடங்கும் சொல்லைப் போட்டால், கிட் அதைப் பெயர் என்று எடுக்காமல் தனக்கான விருப்பத் தேர்வு என்று எடுத்துக்கொண்டது. அந்தத் தேர்வின் வழியே கட்டளை ஓடியது. டாக்கர் 18.09.4 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். இங்கே மதிப்பைத் தனியாகத்தான் கொடுத்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. வாங்கிக்கொண்டவர் அதை வேறு மாதிரி படித்தார்.

2022 மார்ச்சில் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தினர் வெளியிட்டது இன்னும் நூதனம். கிரை-ஓ என்பது குபர்னெட்டிஸின் கீழ் கன்டெய்னரை உண்மையில் ஓட்டும் இயந்திரம். லினக்ஸ் கருவின் சில அமைப்புகளை, பாதுகாப்பானவை என்று அனுமதித்த சிலவற்றை மட்டும், பயனர் மாற்றிக்கொள்ளலாம். பல அமைப்புகளைச் சேர்த்து அனுப்பும்போது கிரை-ஓ அவற்றுக்கு நடுவே ஒரு கூட்டல் குறியைப் போட்டு ஒரே சரமாக்கி, ஒரு சிறு கருவியிடம் கொடுத்தது. பயனர் தன் மதிப்புக்குள்ளேயே ஒரு கூட்டல் குறியை வைத்தால்? பெயரைச் சோதித்த காவலுக்கு அனுமதிக்கப்பட்ட ஓர் அமைப்பு மட்டுமே தெரிந்தது. கருவிக்கோ இரண்டு தெரிந்தன. இரண்டாவது, ஒரு நிரல் நிலைகுலைந்து சாகும்போது கரு எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் அமைப்பு. அதில் தன் நிரலின் பாதையை எழுதிவிட்டு, கன்டெய்னருக்குள் எதையாவது வேண்டுமென்றே சாகடித்தால் போதும். சுவருக்கு வெளியே, ரூட் என்ற உச்ச அதிகாரத்தில், கருவே அதை ஓட்டிக் கொடுக்கும். ஷெல் என்ற ஒன்று இந்தக் கதையில் வரவே இல்லை. ஷெல்லை ஒழித்தால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணம் அதோடு போயிற்று. ஒட்டும் பசை எதுவானாலும், அது கூட்டல் குறியே ஆனாலும், பிரிப்பவர் அதை வைத்துத்தான் பிரிப்பார்.

அடுத்தது 2023. குபர்னெட்டிஸ் தன் கூட்டத்தில் விண்டோஸ் கணினிகளையும் முழுமையாகச் சேர்த்துக்கொண்டது 2019 மார்ச்சில் வந்த 1.14 பதிப்பில். ஒவ்வொரு கணினியிலும் மேலாளரின் கையாளாகக் கியூப்லெட் என்ற நிரல் ஓடும். விண்டோஸில் அது ‘சிஸ்டம்’ என்ற உச்ச அதிகாரத்தில் ஓடும். கன்டெய்னருக்குள் ஒரு சேமிப்பகத்தை இணைக்கும்போது, அதன் உட்பாதை ஒன்றைப் பயனர் யாமல் கோப்பில் குறிப்பிடலாம். அந்தப் பாதை உண்மையான கோப்புறையா, வேறிடத்தைக் காட்டும் குறுக்கு இணைப்பா என்று கியூப்லெட் சோதிக்க வேண்டும். குறுக்கு இணைப்பானால் பயனர் சுவரைத் தாண்டிவிடுவார். ஆக, அந்தச் சோதனையே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. விண்டோஸில் அதை எப்படிச் செய்தார்கள்? பயனர் கொடுத்த பாதையை விண்டோஸின் ஷெல்லான பவர்ஷெல்லின் ஒரு கட்டளைக்குள் ஒட்டி, பவர்ஷெல்லை ஓட்டி, விடையைப் படித்தார்கள்.

அகமாய் நிறுவனத்தின் டோமர் பெலெட் இதைக் கண்டுபிடித்தார். அலட்சியமாக எழுதியவர்களைத் திட்டித் தீர்ப்பது எளிது, ஆனால் நியாயமில்லை. பாதையை அப்படியே ஒட்டாமல், குபர்னெட்டிஸ் எழுதப்பட்டுள்ள கோ மொழி தரும் முறையான மேற்கோள் வசதியைக் கொண்டு இரட்டை மேற்கோளுக்குள் வைத்துத்தான் ஒட்டியிருந்தார்கள். கோ மொழியின் இலக்கணப்படி மேற்கோளுக்குள் இருப்பது வெறும் எழுத்து. பவர்ஷெல்லின் இலக்கணம் வேறு: இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறியும் அடைப்புக்குறியும் வந்தால், உள்ளே இருப்பதைக் கட்டளையாக ஓட்டி, விடையை அந்த இடத்தில் வைக்கும். பூட்டியவர் ஓர் இலக்கணத்தில் பூட்டினார், திறப்பவர் இன்னோர் இலக்கணத்தில் திறந்தார். யாமல் கோப்பின் ஒரு வரியில் டாலர், அடைப்புக்குறி, நடுவே கட்டளை. கூட்டத்திலுள்ள விண்டோஸ் கணினிகள் கைக்கு வந்துவிடும். சி.வி.இ-2023-3676 என்ற எண்ணும் 10க்கு 8.8 என்ற தீவிர மதிப்பும் அதற்குக் கிடைத்தன. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. சந்தேக எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் இன்னொரு பட்டியலை அவர்கள் போடவில்லை. பாதையைச் சூழல் மாறி ஒன்றில் தனியாக வைத்து, கட்டளை அதைப் பெயரால் மட்டும் குறிப்பிடும்படி மாற்றினார்கள். மதிப்பு இனி கட்டளை வரியோடு ஒட்டாது. பெல் நிறுவனம் ஒலிகளுக்குத் தனிப் பாதை போட்ட அதே வைத்தியம்.

அதே ஆண்டு நவம்பரில் பக்கத்துத் தெருவில் இன்னொன்று, சி.வி.இ-2023-5528. இம்முறை குறுக்கு இணைப்பை உருவாக்கும் இடம். பழைய கட்டளைச் சாளரத்தை அழைத்து, பாதையை அதன் வரியில் ஒட்டியிருந்தார்கள். இரண்டு ‘அண்ட்’ குறிகளைப் போட்டால் கட்டளை இரண்டாகிவிடும். திருத்தம் இன்னும் எளிது: அந்த அழைப்பையே தூக்கிவிட்டு, கோ மொழியிலேயே இருந்த இணைப்பு உருவாக்கும் செயற்கூறை வைத்தார்கள். அந்தச் செயற்கூறு அன்று புதிதாக வந்ததல்ல.

விண்டோஸ் பக்கம் மட்டும் ஏன் இப்படி அடுத்தடுத்து? வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது. யூனிக்ஸில் மதிப்புகளைத் தனித்தனியாகக் கொடுக்கும் வழி கருவின் அடிமட்டத்திலேயே உண்டு. விண்டோஸின் முன்னோடியான டாஸ் காலத்தில், அதற்கும் முன் சி.பி.எம். காலத்தில், ஒரு நிரலுக்குக் கிடைத்தது கட்டளை வரியின் மிச்ச வால்தான். அதிகபட்சம் 127 எழுத்து, ஒரே சரம், நிரலே பிரித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் வளர்ந்து மாறிய பின்னும், புதிய நிரலைத் தொடங்கும் அடிப்படை அழைப்பு இன்றும் ஒரே நீளச் சரத்தைத்தான் வாங்குகிறது. எங்கே வெட்டுவது, மேற்கோளை எப்படிப் படிப்பது என்பது ஒவ்வொரு நிரலின் விருப்பம். எனவே அங்கே தனித்தனியாகக் கொடுத்தாலும் வழியில் யாரோ ஒட்டித்தான் ஆக வேண்டும். 2024 ஏப்ரலில் இது வெட்டவெளிச்சமானது. பாதுகாப்புக்குப் பேர்போன ரஸ்ட் மொழியிலேயே, மதிப்புகளை முறைப்படி தனித்தனியாகக் கொடுத்து விண்டோஸின் தொகுதிக் கோப்பை ஓட்டினால், கட்டளை செருக முடிந்தது. அந்தக் குறைக்குத் தீவிர மதிப்பு 10க்கு 10. ரஸ்டை எழுதியவர்கள் ஒட்டுவதில் பிழை செய்தார்கள் என்பதைவிட, ஒட்டாமல் இருக்க அங்கே இடமே இல்லை என்பதுதான் சரி.

2025 ஜனவரியில் குபர்னெட்டிஸின் விண்டோஸ் பகுதியில் மீண்டும் ஒன்று. கணினியின் பதிவேடுகளைத் தேடும் புதிய வசதியில், தேடும் சொல் பவர்ஷெல்லுக்குள் போய் ஒட்டியது. கண்டுபிடித்தவர் மறுபடியும் பெலெட். தேடப்படுபவரின் பெயரை ஒட்டிக் கெட்ட பி.எச்.எஃப்.பும் தேடும் படிவம்தான்.

லினக்ஸ் பக்கமும் கைசுத்தம் என்று சொல்லிவிட முடியாது. கிட் களஞ்சியத்திலிருந்து கோப்புகளை இறக்கி நேரே சேமிப்பகமாகக் கொடுக்கும் ஒரு வசதி குபர்னெட்டிஸில் தொடக்க நாள்களிலிருந்தே இருந்தது. களஞ்சியத்தை இறக்கும் வேலை கன்டெய்னருக்கு வெளியே, ரூட் அதிகாரத்தில் நடக்கும். கோப்புகளை எந்தக் கோப்புறையில் வைப்பது என்று பயனர் சொல்லும் இடத்தில், கிட் தன் சொந்தக் கணக்குவழக்குகளை வைத்துக்கொள்ளும் மறைவுக் கோப்புறையைக் காட்டினால், களஞ்சியத்தில் வந்த, கிட் தானாக ஓட்டும் ‘ஹுக்’ நிரல்கள் வெளியே ஓடும். 2024 நவம்பரில் சி.வி.இ-2024-10220 என்ற எண்ணோடு அது வெளிவந்தது. அந்த வசதியை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று 2018இல் வந்த 1.11 பதிப்பிலேயே அறிவித்திருந்தார்கள். யாராவது நம்பியிருப்பார்களோ என்ற தயக்கத்தில் அதை எடுக்காமல் விட்டிருந்தார்கள். 2025 ஏப்ரலில் வந்த 1.33 பதிப்பில்தான் அது இயல்பாகவே அணைந்த நிலைக்குப் போனது. வேண்டுமென்பவர்கள் மறுபடி இயக்கிக்கொள்ள ஒரு சுவிட்சையும் விட்டுவைத்தார்கள்.